முட்டிக்கு என்ன வருத்தம்?

எனக்கு மூக்கு மேல கோவம் வரும்னு ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் தெரியும். இருபத்தோரு வருசமா ஓ.பி. சீட்டு எழுதுறேன். காலையில எட்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தா மதியம் ஒரு மணி வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராது. பேரு, வயசு, ஊரு, என்ன செய்யுது. பேரு, வயசு, ஊரு, என்ன செய்யுது. ஒரு நாளைக்கு நூத்தி இருபது தடவை இதையே கேட்டா தேவதூதனுக்கே எரிச்சல் வரும். நான் வெறும் ஹெப்சிபா.

ஆஸ்பத்திரி பேரைச் சொல்ல மாட்டேன். கொடைக்கானல்ல ஒரு தர்ம ஆஸ்பத்திரின்னு வச்சுக்கங்க. இன்னும் அங்கதான் சோறு திங்கிறேன். ஆனா நான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரி கதையில்ல, சிலோன் காலனி மகாதேவியக்கா கதை. இப்பத்தான் அக்காங்கிறேன். ஜன்னல்ல வந்து நிக்கிறப்ப எல்லாம் நீ, வா, போன்னுதான் பேசுவேன். அவங்க என்னைவிட ஏழு வயசு மூத்தவங்க. அதே ஜன்னல்ல ரிசார்ட்ல இருந்து மீசை முளைக்காத பையன் வந்து நின்னாலும் "சொல்லுங்க சார்"ம்பேன். இதை யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல, வாய் தானா அப்படிப் போகும்.

சீட்டைப் பத்தி முதல்ல சொல்லிர்றேன். அதுல கடைசியா ஒரு கட்டம் இருக்கு, என்ன செய்யுதுங்கிறதை எழுத. தீப்பெட்டி அகலம்கூட இருக்காது. முன்னாடி அதுல ஒண்ணும் எழுத மாட்டோம், டாக்டரே கேட்டுக்குவாரு. கூட்டம் ஏற ஏற, ஆளுங்க உள்ள போயி கதை சொல்றாங்க, நேரம் போகுது, நீங்களே கேட்டுச் சுருக்கி எழுதிருங்க சிஸ்டர்ன்னாங்க. நான் சிஸ்டரும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அப்படிக் கூப்பிட்டதுல எனக்கு ஒரு கெத்து. கிறுகிறுன்னு வருதுங்கன்னு சொன்னா 'தலைசுற்றல்'. வயித்தைப் போட்டுப் பிசையுதுன்னா 'வயிற்று வலி'. ஒரு ஆளு ரெண்டு நிமிசம் பொலம்புறதை ரெண்டு வார்த்தையில இறக்கிருவேன். பழைய சீட்டு கையோட கொண்டு வந்தா இன்னும் வெரசா முடிஞ்சுரும். அதுல இருக்கிறதைப் பார்த்துப் புதுசுல எழுதிர வேண்டியதுதான், கேக்கவே வேண்டாம்.

இது பொது வரிசைக்கு மட்டும். ரிசார்ட்டு, பெரிய ஸ்கூலு, பங்களாக்காரங்க எல்லாம் ஃபோன்ல டயம் வாங்கிட்டு வருவாங்க. அவங்களுக்குச் சீட்டு கிடையாது. நேரா உள்ள போயி, என்ன செய்யுதுன்னு அவங்க வாயாலயே டாக்டர்கிட்ட சொல்லிக்குவாங்க. இந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு இருபத்தோரு வருசமா எனக்கு உறைக்கல.

மகாதேவியக்கா பொறந்தது இலங்கையில, அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது கூலிக்காரங்க இருக்கிற வரிசை வீட்டுல. எட்டு வயசுல உங்க நாட்டுக்குப் போங்கன்னு குடும்பத்தோட கப்பலேத்தி விட்டுட்டாங்க. அவங்க நாடு எதுன்னு அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? மண்டபம் கேம்ப்ல ஏழு மாசம் கெடந்திருக்காங்க. அப்புறம் ஒரு மேஸ்திரி வந்து, கொடைக்கானல் மலையில வேலையிருக்கு, உங்க ஊரு மாதிரியே குளுகுளுன்னு இருக்கும்னு சொல்லி லாரியில ஏத்திக் கொண்டு வந்தானாம். அவன் சொன்னதுல குளிரு மட்டும் நெசம்.

வாட்டில் மரத்துல பட்டை உரிக்கிற வேலை. தோல் பதப்படுத்துறதுக்கு அந்தப் பட்டை போகும். பத்து வயசுல இருந்து உரிச்சிருக்காங்க. சாக்குத் துணியும் பிளாஸ்டிக் தாளும் போட்ட குடிசை, மழை வந்தா நின்னுக்கிட்டே தூக்கம். அந்த வேலை நின்னதும் கேரட் தோட்டம். அப்புறம் பதினாறு வருசமா ஒரு ஹோம்ஸ்டேயில கம்பளி துவைக்கிற சோலி. வர்றவன் ஒரு ராத்திரி படுத்துட்டுப் போயிருவான், காலையில அத்தனை கம்பளியும் தொட்டிக்கு வந்துரும். தண்ணி குடிச்ச கம்பளியைத் தூக்கிப் பார்த்திருக்கீங்களா? ஒரு ஆளைத் தூக்குற மாதிரி இருக்கும். அதை மார்கழிக் குளிர்லயும் அந்தம்மா தனியா நின்னு முறுக்கிப் பிழிஞ்சு காயப்போட்டிருக்கு. கை ரெண்டும் வெடிச்சு வெடிச்சு மரப்பட்டையாட்டம் கெடக்கும்.

வீட்டுக்காரரு செல்லப்பாண்டி, அவரும் அதே கப்பல்ல வந்தவருதான். ஒரே மக தாரணி, திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறா. போன வருசம் தை மாசம் செல்லப்பாண்டி காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டாரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் மக திருப்பூருக்குப் போயிட்டா, அக்கா மறுபடி கம்பளித் தொட்டிக்குப் போயிட்டாங்க.

அந்தச் சித்திரையில ஒரு திங்கக்கிழமை. சீசன் நேரம், டவுன்ல கால் வைக்க எடமில்ல. எட்டு நாப்பதுக்கு ஜன்னல்ல வந்து நின்னாங்க. எனக்கு அந்த மணி நல்லா ஞாபகம் இருக்கு, சீட்டுல மணியும் எழுதணும். காலையில நல்ல குளிர். ஆனா நெத்தியில முத்து முத்தா வேர்த்திருந்துச்சு. பார்த்தேன். பார்த்துட்டு, மூஞ்சிக்கல் ஸ்டாப்புல பஸ்ஸ விட்டு எறங்கி மேடேறி வந்திருக்கா, அதான் வேர்க்குதுன்னு நானே ஒரு காரணமும் கண்டுபிடிச்சுக்கிட்டேன்.

என்ன செய்யுதுன்னு கேட்டேன்.

"நெஞ்சு வருத்தமுங்க மிஸ்ஸி. விடிஞ்சதுல இருந்து ஏலாம கெடக்கு."

மிஸ்ஸின்னா அவங்க பக்கம் நர்சம்மாவாம். கேக்க எனக்குச் சிரிப்பா வரும், உள்ளுக்குள்ள குளுகுளுன்னும் இருக்கும். ஏலாமன்னா முடியாம. அந்த அளவுக்கு அவங்க பேச்சு எனக்குத் தெரியும், தெரிஞ்சதுனாலதான் எல்லாம் தெரியும்னு நெனச்சுக்கிட்டேன். நெஞ்சுல வருத்தமா, யாரும் தவறிட்டாங்களான்னு கேட்டேன். வீட்டுக்காரரு, தை மாசம்னாங்க. சொல்லும்போதே கண்ணுல தண்ணி முட்டிருச்சு. எனக்கு மனசு இளகிப்போச்சு. ஆம்பள போய் மூணு மாசம், தனிக்கட்டை, நெஞ்சுல வருத்தம் இல்லாம என்ன செய்யும்னு கட்டத்துல 'மனக்கவலை'ன்னு எழுதினேன். பாவம்னு நெனச்சுத்தாங்க எழுதினேன், சத்தியமா.

டாக்டர் கோகுல்ராஜ் அப்ப புதுசு. கோயம்புத்தூர்ப் பிள்ளை. கெட்டவன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். நல்ல பிள்ளை, நோயாளி முகத்தைப் பார்த்துப் பேசுவான். அன்னைக்கு அவன் முன்னாடி தொண்ணூறு பேரு. சீட்டைப் பார்த்துட்டு தூக்கம் வருதாம்மான்னு கேட்டிருக்கான். இல்லைங்க. சாப்பாடு எறங்குதா? இல்லைங்க. வருத்தம் ரொம்ப இருக்கா? ரொம்ப இருக்குங்க. எல்லாம் கரெக்டா பொருந்திப்போச்சு. அழுகை வந்தா அடக்காதீங்கம்மா, அழுதுருங்கன்னு ஆறுதல் சொல்லி, தூக்க மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதிக் குடுத்துட்டான். ஸ்டெதாஸ்கோப் அவன் கழுத்துலயே கெடந்துச்சு.

அதே நாளு பத்து மணிக்கு ரிசார்ட் கார் ஒண்ணு வந்து நின்னுச்சு. பெங்களூர்க்காரரு, நாப்பது நாப்பத்தஞ்சு வயசிருக்கும். ராத்திரி பிரியாணி தின்னது ஏப்பமா வருது, கேஸ் மாதிரி இருக்குன்னு அவரே சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. நெஞ்சுப் பக்கம் தடவிக்கிட்டாரு பாருங்க, அவ்வளவுதான். சக்கர நாற்காலி ஓடுது, ஈசிஜி மெஷின் ஓடுது, பெரிய டாக்டர் வீட்டுல இருந்து எறங்கி வர்றாரு. அவருக்கு ஒண்ணுமில்ல. இஞ்சி டீ குடிச்சுட்டு போட்டிங் போயிட்டாரு. அந்த நேரத்துல மகாதேவியக்கா மருந்து ஜன்னல் வரிசையில சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தாங்க. ஈசிஜி ரூமு அங்க இருந்து பத்து அடி.

அதுக்கப்புறம் மூணு தடவை வந்தாங்க. வைகாசியில ஒண்ணு, ஆனியில ஒண்ணு, ஆடியில ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலையை விட்டுட்டு, பஸ்ஸேறி, மேட்டுல மூணு எடத்துல உக்காந்து உக்காந்து வருவாங்க. வைகாசியில வந்தப்ப, அதே வருத்தந்தாங்க மிஸ்ஸி, கூடிருச்சுன்னாங்க. பழைய சீட்டை நீட்டினாங்க. பார்த்து எழுதினேன், மனக்கவலை. ஆனியில மூச்சு எறைச்சுச்சு. சீட்டை நீட்டினாங்க, மனக்கவலை. ஆடியில கால் வீங்கியிருந்துச்சு, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வந்தாங்க. மனக்கவலை.

படுத்தா மூச்சு முட்டுது, சுவத்துல சாஞ்சு உக்காந்தே விடிய வைக்கிறேன்னு ஆனியில டாக்டர்கிட்ட சொல்லியிருக்காங்க. மனசுல பாரம் இருந்தா அப்படித்தாம்மா இருக்கும்னு மாத்திரையைக் கூட்டிட்டான். இவங்களும் ஒண்ணு விடாம முழுங்கியிருக்காங்க. இதுல என் பங்கு இன்னொண்ணும் இருக்கு, சொல்லிர்றேன். கவலைக்காரம்மான்னு ஒரு பட்டப்பேரு வச்சேன். அக்கா மேடேறி வர்றது தெரிஞ்சா, கவலைக்காரம்மா வருது பாருங்கன்னு மருந்து ஜன்னல்ல சொல்லுவேன், எல்லாரும் சிரிப்போம். 

இதுக்கு நடுவுல ஹோம்ஸ்டேயிலயும் கம்பளி தூக்க முடியல. கொஞ்ச நாள் கூட்டிப் பெருக்கினாங்க. அப்புறம் அதுவும் முடியல, வீட்டுல இருந்து உடம்பைத் தேத்திக்கங்கன்னு சொல்லி வேற ஆளைப் போட்டுட்டாங்க. மக தாரணி ஃபோன்ல சத்தம் போடுவாளாம். அப்பாவையே நெனச்சு நெனச்சு உடம்பைக் கெடுத்துக்காதம்மா, டாக்டரே சொல்லிட்டாருல்ல, மனசை விட்டுரும்மான்னு. அவளும் என் எழுத்தைத்தான் நம்பியிருக்கா, பாவம்.

ஆவணியில அஞ்சாவது தடவை வந்தப்ப தனியா வர முடியல. பக்கத்து வீட்டு சுந்தராம்பாளைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. அக்கா பெஞ்சுல சாஞ்சிருந்தாங்க. சுந்தராம்பாள் தனக்கும் சேர்த்துச் சீட்டு வாங்க வரிசையில நின்னுச்சு. அவங்களும் காலனிதான். எனக்கு அன்னைக்கு மகா எரிச்சல். கம்ப்யூட்டர் வேற மக்கர் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. உனக்கு என்ன செய்யுதுன்னு கேட்டேன்.

"முட்டி வருத்தமுங்க."

எனக்கு வாய்க்கொழுப்பு சும்மா இருக்க விடுமா? "முட்டிக்கு என்ன வருத்தம்? அதோட சொந்தக்காரங்க யாரும் செத்துட்டாங்களா?"ன்னேன். வரிசையில நாலு பேரு கொல்லுன்னு சிரிச்சாங்க. சுந்தராம்பாள் சிரிக்கல. அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு நிதானமா சொல்லுச்சு, வருத்தம்னா நோவுங்க, எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம், காய்ச்சலு வந்தாலும் வருத்தந்தான், ஆஸ்பத்திரியில கெடக்குறவன் வருத்தக்காரன்.

எனக்குப் பேனா ஓடல. முட்டிக்கு வருத்தம்னா முட்டி வலி. அப்ப நெஞ்சுக்கு?

ஜன்னலை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சேன். எங்கம்மா போறன்னு வரிசையில கத்துறாங்க. பெஞ்சுல போயி அக்கா முன்னாடி குத்த வச்சு, எங்க வருத்தம், கையை வச்சுக் காட்டுன்னேன். அவங்க உள்ளங்கையை நெஞ்சுக் குழியில வச்சாங்க. அங்க இருந்து இடது தோளுக்குப் போச்சு, தோள்ல இருந்து கை வழியா மெதுவா சுண்டு விரல் வரைக்கும் எறங்குச்சு. இருபத்தோரு வருசம் ஆஸ்பத்திரியில இருந்தவளுக்கு அந்தக் கை போற வழி தெரியாதா? நான் அந்தக் கேள்வியை நாலு மாசம் முன்னாடி கேட்டிருந்தா போதும்.

பின்னாடி யோசிச்சுப் பார்த்தேன். காலனிக்காரங்க டவுனுக்கு வந்து எத்தனையோ பேச்சை மாத்திக்கிட்டாங்க. தேத்தண்ணின்னு கேட்டா கடையில சிரிச்சாங்க, டீன்னு மாத்திக்கிட்டாங்க. பொடியன்னா ஸ்கூல்ல கேலி பண்ணினாங்க, பையன்னு மாத்திக்கிட்டாங்க. வருத்தம்னு சொன்னப்ப மட்டும் யாரும் சிரிக்கல. எல்லாரும் பாவமேன்னு பார்த்தோம். அதுனால அந்தப் பேச்சு தப்பாப் போகுதுன்னு அவங்களுக்குத் தெரியவே வழியில்லாமப் போச்சு.

டாக்டர் ரூமுக்குள்ள வரிசையை மீறிப் போயி, அது கவலை கேஸ் இல்ல சார், நெஞ்சு வலி, நான் தப்பா எழுதிட்டேன்னு சொன்னேன்.  கோகுல்ராஜ் மூஞ்சி வெளுத்துப்போச்சு. உடனே ஈசிஜி எடுத்தாங்க. தாளை வெளிச்சத்துல பிடிச்சு ரெண்டு தடவை பார்த்தான். இது இன்னைக்கு வந்ததில்ல, நாலு மாசத்துக்கு முந்தி அட்டாக் வந்து போயிருக்கு, இதயம் தளர்ந்து போச்சுன்னு சொன்னான். நாலு மாசம்னா சித்திரை. அந்தத் திங்கக்கிழமைன்னு ரெண்டு பேருக்குமே தெரிஞ்சுபோச்சு. 

மதுரைக்கு அனுப்பணும்னு முடிவாச்சு. மேனேஜர் சேனாதிபதி சார் வந்தாரு. ஆஸ்பத்திரி வண்டியிலயே கொண்டு போய் விடச் சொன்னாரு, காசு வாங்க வேண்டாம்னாரு. இதையும் சொல்லணும்ல. சொல்லிட்டு என்னைத் தனியா கூப்பிட்டு, பழைய சீட்டையெல்லாம் வாங்கிக் கிழிச்சுருங்க, புதுச் சீட்டு ஒண்ணு போடுங்க, நெஞ்சு வலின்னு இன்னைக்குத்தான் முதல் தடவையா வந்தாங்கன்னு இருக்கட்டும், நாளைக்கு உங்களுக்கும் வம்பு அந்தப் பையனுக்கும் வம்புன்னாரு.

நான் என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. போட்டேன். மகாதேவி, ஐம்பத்தெட்டு, நெஞ்சு வலி, முதல் வருகை. எழுத்து அழகாத்தான் விழுந்துச்சு. இத்தனை வருசம் தின்ன சோறு எழுதிச்சுன்னு வச்சுக்கங்க. அக்காகிட்டப் போயி பழைய சீட்டைக் குடு, ஃபைலுக்கு வேணும்னேன். பிளாஸ்டிக் கவர்ல மடிப்புக் கலையாம வச்சிருந்த நாலையும் எடுத்து, பத்திரமா இருக்கட்டுங்க மிஸ்ஸின்னு குடுத்தாங்க. கிழிக்கத்தான் வாங்கினேன். ஆனா கிழிக்கல, கைப்பையில போட்டுக்கிட்டேன். ஏன்னு கேட்டா அப்ப எனக்கே தெரியாது.

மூணாவது நாளு லீவு போட்டுட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.  அங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரி, வார்டு நெறைய ஆளுங்க, கட்டில் கெடைக்காதவங்க தரையில பாயி. அக்காவுக்குக் கட்டில் கெடச்சிருந்துச்சு. தலைமாட்டுல தாரணி. ரெண்டு நாளா தூங்காத மூஞ்சி. நான் யாருன்னு அக்கா சொன்னதும், வாங்கக்கா, அம்மாவை அன்னைக்கே மதுரைக்கு அனுப்பி வச்சீங்களாமேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு அந்தக் கையை எங்க வைக்கிறதுன்னு தெரியல.

அந்த நேரம் பார்த்து ரவுண்ட்ஸ் வந்தாங்க. ஒரு லேடி டாக்டர், கூட மூணு சின்ன டாக்டருங்க. கேஸ் ஷீட்டைப் புரட்டிட்டு, எங்க ஆஸ்பத்திரிக் கடுதாசியையும் புதுச் சீட்டையும் பார்த்தாங்க. பார்த்துட்டு அக்காவைத் திட்ட ஆரம்பிச்சாங்க. கோவத்துல இல்ல, அலுத்துப்போன திட்டு. அந்தக் குரலு எனக்கு நல்லாத் தெரியும், ஜன்னல்ல என் குரலு அதேதான்.

"நாலு மாசமா என்னம்மா பண்ணுனீங்க? கை வைத்தியம், பூசாரின்னு சுத்திட்டு முத்துனப்புறந்தான் வர்றீங்க. அட்டாக் வந்த அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா அடைப்பைக் கரைச்சிருக்கலாம். இப்ப இதயத்துல பாதிக்கு மேல வேலை செய்யல. இனிமே மாத்திரையில ஓட்டுறதுதான்."

எத்தனை நாளைக்கு ஓடும்னு தாரணி மெதுவாக் கேட்டா. சொல்ல முடியாதும்மான்னாங்க.

அக்கா என்ன செஞ்சாங்க தெரியுமா? என்னைக் காட்டி, இவங்களைக் கேளுங்க, நாலு தடவை போனேன்னு சொல்லியிருக்கலாம்ல. சொல்லல. தலையைக் குனிஞ்சு, தப்புத்தாங்க டாக்டர்னாங்க. வாழ்நாள் பூரா யாரு திட்டினாலும் அப்படிச் சொல்லியே பழகின வாயி. தாரணி பக்கத்துல நின்னு, வலி வந்த அன்னைக்கே போகாம கம்பளித் தொட்டியில நின்னிருக்கும் டாக்டர், இது எதையும் நேரத்துக்குச் சொல்லாதுன்னு அழறா.

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு ஒரு எட்டு வச்சுட்டாங்க. கொஞ்சம் நிக்கிறீங்களா டாக்டர்னு என் வாயில இருந்து வந்துருச்சு. கைப்பையைத் திறந்து நாலு சீட்டையும் எடுத்துக் குடுத்தேன். ஒவ்வொண்ணாப் பார்த்தாங்க. மனக்கவலை. மனக்கவலை. மனக்கவலை. மனக்கவலை. முதல் சீட்டுல தேதியையும் மணியையும் மறுபடி ஒரு தடவை பார்த்தாங்க.

"இது யாரு எழுதுனது?"

"நான்தாங்க. இவங்க நோவுன்னு சொன்னதை நான் கவலைன்னு எழுதிட்டேன். அந்தப் புதுச் சீட்டும் நான் எழுதினதுதான், அது பொய்."

திட்டுவாங்கன்னு நின்னேன். போலீசைக் கூப்பிட்டாக்கூடச் சரின்னு நின்னேன். அவங்க கேஸ் ஷீட்டுல ரெண்டு வரி எழுதினாங்க, சீட்டு நாலையும் அதோட சேர்த்துக் குத்தச் சொன்னாங்க, அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. அங்க ஒரு ஆளு மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருந்தாரு. எங்க ஆஸ்பத்திரிக்கு ஃபோன் வரும்னு ஒரு மாசம் மணி அடிக்கிறப்ப எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அந்த நாலு சீட்டும் எங்க யாரையும் ஒண்ணும் பண்ணாத வெறும் தாளாப் போச்சு, அதான் இன்னும் அதே ஜன்னல்ல உக்காந்திருக்கேன்.

டாக்டர் போனப்புறம் அக்கா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு நான் சொன்னது பாதி புரிஞ்சிருக்கு, பாதி புரியல. கட்டில் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் முதல்ல இருந்து சொன்னேன். நீங்க நெஞ்சு வருத்தம்னு சொன்னீங்க, எங்க பேச்சுல அது துக்கம், நான் கையை வச்சுக் காட்டுங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல, அதை வச்சுத்தான் டாக்டர் தூக்க மாத்திரை குடுத்தாருன்னு ஒண்ணு விடாம சொன்னேன். திட்டுங்கக்கான்னும் சொன்னேன். திட்டியிருந்தா எனக்கு எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

திட்டல. முழங்கையை ஊனி கொஞ்சம் எந்திரிச்சு உக்காந்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"அப்ப நான் அன்னைக்கு நேரத்துக்குத்தான் வந்தேனா மிஸ்ஸி?"

ஆமாக்கா, வலி வந்து மூணு மணி நேரம்கூட ஆகல, நேரத்துக்குத்தான் வந்தீங்கன்னேன்.

அக்கா மெதுவா மக பக்கம் திரும்பினாங்க. முன்னாடியே போகலைன்னு ரெண்டு நாளா மககிட்ட வாங்கின திட்டுக்கு அக்காகிட்ட அது ஒண்ணுதான் பதில் இருந்துச்சு.

"கேட்டியா தாரணி. நான் நேரத்துக்குப் போயிருக்கேன்டி."

தாரணி அம்மா காலைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தா. கொஞ்சம் முன்னாடி என் கையைப் பிடிச்ச பிள்ளை, போங்கன்னும் சொல்லல, இருங்கன்னும் சொல்லல.